ஒதுக்கிவைத்த அட்டைகள்

"குடை" என்றான் பூவராகன். "பூனை" என்றான். "ஏணி" என்றான். சீ, என்ன பிழைப்பு இது, நாற்பது தாண்டின மனுஷன், ஊர் ஊராகப் போய் க்விஸ் நடத்திக் கைதட்டு வாங்கினவன், எல்கேஜி பிள்ளை மாதிரி ஏணி, பூனை என்று ஒப்பித்துக்கொண்டு கிடக்கிறான், அதுவும் மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு. நிஜமாகவே திறந்துதான் இருக்கிறது. இடது காதுக்கு மேலே எலும்பை ஒரு வில்லையாக எடுத்து எங்கேயோ ஒரு கிண்ணத்தில் போட்டிருக்கிறார்கள். தலை அசையாமல் இருக்க ஒரு இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கிறார்கள். முகத்துக்கு மேலே நீலத்துணி ஒரு பந்தல் மாதிரி. பந்தலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் நிஜாமுதீனும் அவருடைய ஆட்களும், இந்தப் பக்கம் இவனும், கையில் அட்டைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தாவும். மயக்கம் கொடுத்து, மண்டையைத் திறந்து, மறுபடி எழுப்பிவிட்டிருந்தார்கள், பேசு என்று. வலி இல்லை. மூளைக்கு வலி தெரியாது. போன வருஷம் ஒரு கல்லூரியில் இவனே கேட்ட கேள்வி அது: உடம்பு முழுக்க வலிப்பதை உணரும், ஆனால் தன்னைத் தொட்டால் உணராத உறுப்பு எது? முதல் வரிசைப் பெண் ஒருத்தி 'மூளை' என்றாள். 'பேஷ்!' என்று இவன் பத்து மதிப்பெண் அள்ளிக் கொடுத்தான். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு விடை. இவனுக்கும் அன்றைக்கு அது ஒரு விடைதான்.

விழித்திருக்க வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மனுஷர் எதையும் மறைக்கிற ரகம் இல்லை. நெல்லிக்காய் அளவுக் கட்டி, வார்த்தைகள் குடியிருக்கும் தெருவில் போய் உட்கார்ந்திருக்கிறது, எது கட்டி, எது வார்த்தை என்று பார்த்தால் தெரியாது என்றார். அதனால் ஒரு சின்னக் கம்பியால் மெல்லிசாக மின்சாரம் வைத்து ஒவ்வொரு இடமாகத் தொடுவார்கள். அதே நேரத்தில் இவன் அட்டையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் அந்த இடத்தில் பேச்சு இல்லை, கத்தி போகலாம். இரண்டு மூன்று தடவை தொட்டும் பதில் வராவிட்டால் அங்கே எண் எழுதின ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிடுவார்கள். காகிதம் வைத்த இடத்துக்குக் கத்தி போகாது. "விட்டுட்டு வர்றது திரும்ப வளரும், பூவராகன். எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு வருஷம் உங்களுக்கு. ஆனா எடுக்கக் கூடாததை எடுத்துட்டா, வருஷம் இருக்கும், பேச்சு இருக்காது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமயந்தி, இவன் பெண்டாட்டி, கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். இவன் என்ன கேட்டான் தெரியுமா? உலகத்திலேயே முதன்முதலில் இப்படி விழிக்க வைத்து ஆபரேஷன் செய்தது யார் என்று கேட்டான். டாக்டர் சிரித்துவிட்டார். தமயந்தி சிரிக்கவில்லை.

"கோபுரம்" என்றான். "படகு" என்றான். "நல்லா சொல்லுதீங்க சார்" என்றாள் ஜெசிந்தா. பாளையங்கோட்டைக்காரி. முதல் நாள் இவன் வழக்கம்போல 'சிஸ்டர்' என்று கூப்பிட, "நான் நர்ஸ் இல்ல சார், ஸ்பீச் தெரபிஸ்ட்" என்று திருத்தினாள். அப்புறமும் இவன் வாயில் சிஸ்டர்தான் வந்தது, அவளும் விட்டுவிட்டாள். பூனையும் ஏணியும் உங்களுக்குப் பத்தாது என்று சொன்னதும் அவள்தான். க்விஸ் ஆளுக்கு க்விஸ் அட்டைதான் சரி என்று, இவன் புழங்கும் விஷயங்களாகப் பொறுக்கி ஒரு கட்டுத் தயார் செய்தாள்: தொழில்கள், சொற்கள், விஞ்ஞான வரலாறு, பார்க்கிற இடங்கள், இவன் ஆபீஸில் புழங்கும் கம்ப்யூட்டர் குழூஉக்குறிகள். வீட்டுச் சமாசாரமாகவும் நாலு இருக்கட்டும் என்று தமயந்தியிடமும் படங்கள் கேட்டு வாங்கிச் சேர்த்தாள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஒத்திகை. அதற்கு ஒரே ஒரு விதிதான். சட்டென்று பதில் வராத அட்டையை எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க சார், அதான் நல்லது. நல்லாத் தெரிஞ்சது மட்டும்தான் கட்டுல இருக்கணும். அப்பதான் அங்க பேச்சு நிக்கிறப்ப, நின்னதுக்குக் காரணம் கரெண்டுதான்னு எங்களுக்குத் தெரியும்." எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். இவனும் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினான்.

"அடுத்தது, சார். ஒரு இலை, பிறந்ததுலேர்ந்து விழுறது வரைக்கும். வரிசையாச் சொல்லுங்க." அட்டையில் பச்சையும் மஞ்சளுமாகப் படங்கள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், இப்போது தூக்கத்தில் எழுப்பித்தானே கேட்கிறார்கள். "கொழுந்து" என்றான், "தளிர்" என்றான், "இலை" என்றான், பந்தலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்ன 'டிக்', "இலை" என்றான், "இலை, இலை." என்ன இது, பழுப்பு என்று சொல்லப்பா, பழுப்பு இதோ கண் முன்னால் நிற்கிறது, அதன் நிறம் நிற்கிறது, எழுத்து நிற்கிறது, வாய் அதைத் தூக்க மாட்டேன் என்கிறது. "இலை." நாக்கு யாருடையதோ. மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். மறுபடியும் இலையில் போய் முட்டிக்கொண்டு நின்றான். "மூணாம் நம்பர்" என்றார் டாக்டர். காகிதம் வைக்கிறார்கள் என்று தெரிந்தது. கம்பி விலகின அடுத்த நொடி பழுப்பும் சருகும் மடைதிறந்த மாதிரி வாய்க்கு வந்தன, கேட்க ஆளில்லாமல். அய்யோ, அந்த மனுஷன். பாரிஸில் ஒரு நோயாளி, என்ன கேட்டாலும் 'டான்' என்ற ஒற்றை ஒலியைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதனால் ஆஸ்பத்திரியில் அவன் பெயரே டான் ஆகிவிட்டது. அவன் செத்த பிறகு புரோக்கா என்கிற டாக்டர் மூளையைத் திறந்து, பேச்சுக்கு இன்ன இடம் என்று காட்டினார், 1861. இந்த வருஷத்தை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறான்! அந்த மூளையை இன்னும் கண்ணாடிச் சீசாவில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது கூட்டம் 'ஓ'வென்று வாய் பிளக்கும். டான் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்டதில்லை. வருஷக்கணக்காக அவன் உள்ளே எல்லாச் சொல்லும் நின்றுகொண்டிருந்ததோ என்னவோ. தமயந்தி சாதம் போட்டுவிட்டு, போதுமா என்று கேட்பாள். இவன் இலை என்பான். ஏங்க, தலை வலிக்குதுங்களா? இலை. பயமாக இருக்கிறது. இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

"இது யாரு கை, சார்?" கறுப்பு வெள்ளையில் ஒரு கை, எலும்பு எலும்பாக, ஒரு விரலில் மட்டும் மோதிரம் பெரிய முடிச்சு மாதிரி. "ரான்ட்ஜென் பெண்டாட்டி கை. எக்ஸ்ரே." கடகடவென்று வந்தது, அந்தப் பக்கம் யாரோ "க்ளியர்" என்றார்கள். அவள் பெயர் பெர்த்தா. அந்தப் படத்தைப் பார்த்து, என் சாவைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாளாம். மேடையில் இதைச் சொல்லும்போது இவன் குரலைத் தாழ்த்துவான், அது ஒரு பழக்கம். தமயந்தியின் கையும் அப்படித்தான், மெலிசு, விரல் நுனியெல்லாம் கீறல். பம்பு செய்கிற கம்பெனியில் வேலை. தாமிரக் கம்பி அறுத்த கீறல். கல்யாணமான புதிதில் தஞ்சாவூருக்குப் போயிருந்தார்கள், சித்திரை வெயில். பெரிய கோயில் தரை தோசைக்கல் மாதிரிக் கொதிக்கிறது, செருப்பை வெளியே விட்டாயிற்று, தமயந்தி பாதத்தை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளிக்கொண்டே ஓடிப்போய் ஒரு இடத்தில் நின்று அப்பாடா என்றாள். இவன் பக்கத்தில் போய் நின்று, "இந்தக் கோபுரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு தெரியுமா? இதோட நிழல் தரையில விழாது" என்று ஆரம்பித்தான். எல்லா ஜி.கே. புத்தகத்திலும் இருக்கிற விஷயம். அதிலிருந்துதான் இவனும் படித்தான். தமயந்தி தன் காலைப் பார்த்தாள், இவன் காலைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். "அப்ப நாம எதுலீங்க நின்னுட்டு இருக்கறோம்?" என்றாள். நிழலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள், அந்தக் கோபுரத்தின் நிழலில், கால் குளிர. இவன் அப்போதாவது சிரித்திருக்கலாம், அட ஆமா என்றிருக்கலாம். சொல்லவில்லையே! உச்சி நேரத்தில் மட்டும் விழாது, குறிப்பிட்ட மாதத்தில் விழாது என்று என்னென்னவோ கட்டி, பஸ் ஏறுகிற வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தான். அவள் பாவம், ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் இவன் எதைப் பற்றியாவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் அவள் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்ப்பாள். அவ்வளவுதான். அது போதும்.

"கட்டடம் இது?" "ரிப்பன் மாளிகை." "பாலம்?" "பாம்பன்." "க்ளியர்." "க்ளியர்." ஈரத்தை உறிஞ்சும் குழாய் உர்ரென்று ஓடுகிறது, ஒரு பெரிய டம்ளரின் அடியில் இருக்கும் ஜூஸை யாரோ ஸ்ட்ரா வைத்து இழுக்கிற மாதிரி. இழுபடுவது தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. "பூச்சி படம் இது, கம்ப்யூட்டர்காரங்க கதை" என்றாள் ஜெசிந்தா. "பக்" என்றான். 1947இல் ஒரு ராட்சசக் கம்ப்யூட்டருக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சொல்லே அன்றைக்குத்தான் பிறந்தது என்பார்கள். அது தப்பு, அதற்கு ரொம்ப காலம் முன்னாலிருந்தே இன்ஜினியர்கள் வாயில் அந்தச் சொல் உண்டு. இந்தத் தப்பைத் திருத்துவது என்றால் இவனுக்கு வெல்லம். "பார்க்கப் போனா மறைஞ்சுபோற கோளாறு?" "ஹைசன்பக்." "க்ளியர்." இவன் மண்டைக்குள்ளும் ஹைசன்பக்தான் வந்தது முதலில். பீளமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவனே நடத்திய போட்டி, மைக்கைப் பிடித்து "இந்தப் படத்தில் இருப்பது" என்றான், அவ்வளவுதான், அப்புறம் அது அது என்று மைக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டம் முதலில் சிரித்தது, ஏதோ விளையாட்டு என்று. அப்புறம் வலது கை தானாகத் துடித்தது, மயங்கி விழுந்தான். கண் விழித்தபோது எல்லாச் சொற்களும் பத்திரமாக இருந்தன. இவன் எழுந்து உட்கார்ந்து, மீதிக் கேள்வியைக் கேட்கிறேன் என்றானாம். வேலையே அதுதானே, ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவன் எழுதின புரோகிராமைக் குடைந்து எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தன் மண்டைக்குள் இடறினதை ஆறு மாதம் அசதி என்று சொல்லித் திரிந்தான்.

"இதுதான் கடைசி ஓரம்" என்றது டாக்டர் குரல். களைத்துப்போயிருந்தது, ஆனால் அதில் ஒரு குஷியும் இருந்தது. "பூவராகன், நல்லா ஒத்துழைக்கிறீங்க. பெரும்பகுதி வந்துட்டுது. இந்த ஓரத்துல ஒரு துண்டு ஒட்டிட்டு இருக்கு. இங்க பேச்சு இல்லைன்னா மொத்தமா எடுத்துடுவேன்." மொத்தமா. அந்த ஒரு வார்த்தையில் என்னென்ன வருஷங்கள்! ஜெசிந்தா கட்டின் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டாள். பெரிய மரப்பீப்பாய், பக்கத்தில் சுத்தியோடு ஒரு ஆள். "இந்தத் தொழில் செய்யுறவருக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" டிக். பீப்பாய். பீப்பாய் செய்கிறவன். இங்கிலீஷ்காரர்களுக்கு இதில் பட்டப்பெயர்கூட உண்டு. ஒன்றும் வரவில்லை. இலை மாதிரி இல்லை, வாசலில் வந்து முட்டிக்கொண்டு எதுவும் நிற்கவில்லை, வீடே காலி. "சார்? சரி, அடுத்தது பாப்போம். இந்தக் குழாயைக் கண்டுபிடிச்ச டாக்டர்?" ஸ்டெதஸ்கோப், நோயாளிப் பெண்ணின் நெஞ்சில் காது வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டாரே, பிரெஞ்சுக்காரர், கதையெல்லாம் தெரிகிறது, பேர்? பேர் இல்லை. "டாக்டர், ரெண்டும் நின்னுட்டு" என்றாள் ஜெசிந்தா. "இன்னொண்ணு பாருங்க. இதுவும் நின்னா, மார்க் பண்ணி விட்டுடலாம்." மூன்றாவது அட்டையைத் தூக்கினாள். வட்டமான இரும்புக் கூடு, உள்ளே சுற்றிலும் தாமிரக் கம்பி, சடை பின்னின மாதிரிப் பளபளவென்று. தமயந்தி கொடுத்த படம். ஒவ்வொரு நாளும் அவள் கை கம்பி சுற்றிக் கட்டுகிற சாமான். "இது என்ன சார்?" டிக்.

அடப்பாவி! அப்போதுதான் உறைத்தது. இந்த மூன்றும் அவைதான். ஒத்திகையில் இவன் கோட்டை விட்ட அட்டைகள், ஜெசிந்தா ஒதுக்கி வைத்தவை, மேஜை ஓரத்தில் ஒரு சின்ன அடுக்காகக் கிடந்தவை. பீப்பாய்க்காரனைத் தெரியவில்லை, ஸ்டெதஸ்கோப்காரனைத் தெரியவில்லை, இன்னும் சிலது தெரியவில்லை, அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். தமயந்தியின் படத்தைப் பார்த்து 'மோட்டார்' என்று அடித்துவிட்டான். அவள் பக்கத்திலேயே இருந்தாள். மோட்டார் இல்லீங்க என்று சொல்லி அதன் பேரைச் சொன்னாள், ஒரு பேர், சின்னப் பேர்தான். "பரவால்ல விடுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னாள், அதுதான் நெஞ்சில் தைத்தது. பதினைந்து வருஷம் தன்னோடு இருக்கிறவள் ஒரு நாளில் எட்டு மணி நேரம் கையில் பிடித்திருக்கும் பொருளின் பேர் தெரியாத ஆளுக்கு, ரான்ட்ஜென் பெண்டாட்டியின் பேர் தெரிகிறது. அன்று ராத்திரி பூராவும் அந்த ஒதுக்கின அட்டைகளைத்தான் உருப்போட்டான். விட்ட கேள்வி க்விஸ்காரனுக்கு மறக்காது. விடையை உருப்போட்டுப் போட்டு ஏற்றினான். மறுநாள் காலையில் ஜெசிந்தாவிடம், "நேத்து தூக்கமில்ல சிஸ்டர், அதான் நின்னுது, இன்னொரு தடவை கேளுங்க" என்றான். கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னான். "அட, பிரமாதம் சார்!" என்று சிரித்தாள் அந்தப் பெண், ஒதுக்கினதையெல்லாம் எடுத்துக் கட்டின் அடியில் செருகினாள். அதுதான் இப்போது கடைசியாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. டெஸ்டர் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டென்றால் இதுதான். சோதனை பாஸாக வேண்டும் என்பதற்காகச் சோதனையையே திருத்துவது. போன மாதம்கூட ஒரு ஜூனியரை இதற்காகத்தானே கண்டபடி வைதான், யாரை ஏமாத்தறே, என்னையா, கஸ்டமரையா என்று கத்தினான். அந்தப் பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

சொல்லிவிடு. சொன்னால்? சொன்னால் கத்தி போகும். நிஜமாகவே அங்கே பேச்சு இருந்துவிட்டால்? மூன்றும் ஒரேயடியாக எப்படி மறக்கும், உருப்போட்டது இரண்டு நாள்கூட ஆகவில்லையே, மின்சாரம்தான் நிறுத்தியிருக்க வேண்டும், நீ பாட்டுக்குத் தெரியாது என்று சொல்லி உன் நாக்கை நீயே அறுத்துக்கொள்ளாதே, டான், இலை, டான். பேசாமல் இரு. காகிதத்தை வைக்கட்டும். ஒரு துண்டுதானே, இருந்துவிட்டுப் போகட்டும். விட்டது திரும்ப வளரும் பூவராகன். வளரட்டும், வளர நாளாகும். எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு வருஷம். இரு, இரு, நிதானமாக யோசி, உன் வேலையைச் செய். இலையில் என்ன ஆயிற்று? கம்பி விலகினதும் பழுப்பும் சருகும் ஓடி வந்தன. சுவிட்சை அணைத்ததும் கோளாறு போய்விட்டது, ஆகவே கோளாறு அங்கேதான். இப்போது? டிக் சத்தம் நின்று நேரமாகிறது. கம்பி இப்போது எதையும் தொடவில்லை. இந்தத் தாமிர வட்டத்தைப் பார்க்கிறாய்; பேர் வருகிறதா? வரவில்லை. பீப்பாய்? வரவில்லை. அணைத்த பிறகும் கோளாறு இருக்கிறது. அப்படியானால் கோளாறு அங்கே இல்லை. இங்கே, என்னிடம். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான், ஒரு நாளும் தெரிந்ததில்லை. உறுதியா? மின்சாரத்தின் மிச்சம் ஏதாவது தங்கியிருக்கலாமே? ஆமாம், இருக்கலாம். நூற்றுக்கு நூறு எதுவும் இல்லை. நிழலில் நின்றுகொண்டு நிழல் விழாது என்று சாதித்தவன் நீ, இன்றைக்காவது காலடியைப் பாரேன். "அப்ப மார்க் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். "நாலாம் நம்பர் குடுங்க."

"தெரியாது" என்றான் பூவராகன். அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது. அந்த வார்த்தையை அந்த வாய் சொல்லிப் பழக்கமில்லை. "பேச்சு நின்னுபோச்சுல்லா சார்? பரவாயில்ல, பயப்படாதீங்க" என்றாள் ஜெசிந்தா. "நிக்கல. நிக்கலை சிஸ்டர். எனக்குத் தெரியாது. இந்த மூணும் தெரியாது. ராத்திரி உக்காந்து மனப்பாடம் பண்ணிட்டு வந்து உங்ககிட்ட ஒப்பிச்சேன். தூக்கமில்லைன்னு சொன்னது பொய். டாக்டரை நிறுத்தச் சொல்லுங்க." ஜெசிந்தா அட்டையை மடியில் இறக்கினாள். அவள் முகம் அவன் பார்க்கப் பார்க்கச் சிவந்தது. "என்ன சார் இப்பிடிப் பண்ணிப்புட்டிய!" என்றாள். "நான் எத்தனை மட்டம் சொன்னேன் உங்கட்ட! இது என்ன போட்டியா? பரிசா குடுக்காங்க இங்க?" பந்தலுக்கு அந்தப் பக்கம் உறிஞ்சும் குழாய் நின்றது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்குவது இவனுக்குக் கூசியது, துடைக்கக் கை எழவில்லை. "வேற எதெல்லாம் சார்? கட்டுல வேற எது தெரியாம நிக்குது?" என்று கேட்டாள், குரலை இறக்கி. சொன்னான். ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, இது தெரியாது, இதுவும் தெரியாது என்று சொன்னான். அவள் உருவி உருவி எடுத்தாள். "முதல்லேர்ந்து வருவோம்" என்றார் டாக்டர். திட்டுவார் என்று நினைத்தான், திட்டவில்லை. "அவருக்கு நல்லாத் தெரிஞ்சதா, மூணு. அதே இடம்." ஜெசிந்தா இலைப் படத்தைத் தூக்கினாள். டிக். அவன் கண்ணை இறுக்கினான். "கொழுந்து. தளிர். இலை." அவ்வளவுதான், முட்டப்போகிறது. "பழுப்பு" என்றது வாய். "சருகு." ரான்ட்ஜென் வந்தார், பாம்பன் வந்தது. இன்னொரு சுற்று, அதற்கும் எல்லாம் வந்தது. "நாலாம் நம்பர் வேண்டாம்" என்றார் டாக்டர்.

எடுக்கும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடிகூட விடக் கூடாது, நின்றால் கத்தியும் நிற்கும் என்றார்கள். என்ன பேச? "எதாவது சார், உங்களுக்கா தெரியாது?" என்று சொல்ல வந்து ஜெசிந்தாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழாய் உர்ரென்று மறுபடி ஆரம்பித்தது. "எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தபின் அது எளிதாகவே இருந்தது. "பீப்பாய் செய்யறவன் பேர் தெரியாது. அவ கம்பெனியில எந்த ஷிப்டுல எத்தனை பேர்னு தெரியாது. அவ யார்கூட உக்காந்து சாப்பிடுவான்னு தெரியாது. கை அறுபட்டா என்ன மருந்து போடுவா, தெரியாது. தஞ்சாவூர்ல நான் அவ்வளவு நேரம் பேசினப்ப அவளுக்கு என்ன தோணுச்சுன்னு தெரியாது. கேட்டதே இல்ல. நிழல் விழுந்துச்சு, சிஸ்டர். நல்லா விழுந்துச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு. இந்த ஆறு மாசமா அவ ராத்திரி தூங்கறாளா இல்லையான்னு தெரியாது, நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். இப்ப வெளியில சாப்பிட்டாளான்னு தெரியாது." "பேசுங்க, பேசுங்க" என்றாள் ஜெசிந்தா, அவளும் மூக்கை உறிஞ்சினாள். ஒவ்வொரு தெரியாதும் முழுசாக வெளியே வந்தது. வருகிறது என்று தெரிந்தது. அடுத்ததும் வருமா என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் நெஞ்சு ஒரு தடவை அடித்தது, அதுவும் வந்தது. இத்தனை தெரியாதுகள் தனக்குள் இருந்தன என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் பேசினான் என்றும் தெரியாது.

"வந்துட்டுது" என்றார் டாக்டர். "மொத்தமா வந்துட்டுது, பூவராகன். மிச்சம் இல்ல." அவனுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. குழாய் நின்றது. தூங்க வைத்து மண்டையை மூடப்போவதாக யாரோ சொன்னார்கள். ஜெசிந்தா மடியில் கிடந்த அட்டைகளைச் சேர்த்துத் தட்டினாள். மேலாக அந்தத் தாமிர வட்டம் வந்து நின்றது. கோபமெல்லாம் போயிருந்தது அவள் முகத்தில். "இதுக்குப் பேரு நான் சொல்லட்டா சார்? அன்னைக்கு அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். பூவராகன் அந்தப் படத்தைப் பார்த்தான். எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள்.

"வேண்டாம் சிஸ்டர்" என்றான். "அதை ஒதுக்கி வைங்க. அவகிட்ட நானே கேட்டுக்கறேன்."